உலகளாவிய சுகாதாரப் பயிற்சி: அவசர மருத்துவர் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

தமிழ்நாட்டில் அவசர மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி. என்ற முதுநிலைப் படிப்பை முடித்துச் சில ஆண்டுகள் பணியாற்றிய மருத்துவர்களில் பலருக்கு, ஒரு கட்டத்தில், பல நாட்டு மக்களின் நலவாழ்வைக் கவனிக்கும் உலகளாவிய சுகாதாரத் துறையில் பயிற்சி பெற வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. அவர்கள் ஆலோசனை கேட்டு வரும்போது கையில் வைத்திருக்கும் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கிறது: லண்டனிலோ லிவர்பூலிலோ வெப்பமண்டல மருத்துவ டிப்ளமோ, அமெரிக்காவில் ஃபெல்லோஷிப் என்ற சிறப்புப் பயிற்சி, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பில் களப்பணி, ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம். எது சிறந்தது என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. ஆனால் இந்தப் பயிற்சிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை மருத்துவரிடம் உள்ள ஒவ்வொரு குறையை நிரப்ப உருவானவை. ஆகவே நம்மிடம் இருப்பது எது, இல்லாதது எது என்று முதலில் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் இவற்றை ஒப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் பார்த்தால் பட்டியலின் வரிசையே மாறிவிடும்.

இந்தியாவில் அவசர மருத்துவம் தனித் துறையாக அங்கீகாரம் பெற்றது 2009-இல்தான். கானாவின் குமாசி நகரில் அவசர மருத்துவ முதுநிலைப் பயிற்சி தொடங்கியதும் அதே ஆண்டுதான். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் 2010-லும் ருவாண்டாவில் 2013-லும் தொடங்கியது. உலக சுகாதாரப் பேரவை 2007-லும் பிறகு 2019-லும் அவசர சிகிச்சை அமைப்புகளை வலுப்படுத்தக் கோரித் தீர்மானங்களை நிறைவேற்றியது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நேரும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை, முறையான அவசர சிகிச்சை இருந்தால் எதிர்கொள்ளக்கூடிய நோய்களாலும் காயங்களாலும் நேர்பவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. துறை எங்குமே இளையது, தேவையோ மிகப் பெரியது. இந்த நிலையில் நம் ஊரில் பயின்ற ஒருவர், எங்கோ பின்தங்கி நின்று மற்றவர்களிடம் கற்கப் போகும் மாணவராகத் தன்னைக் கருத வேண்டியதில்லை.

சொல்லப்போனால், உலகளாவிய சுகாதாரம் என்ற தலைப்பில் மேலை நாட்டு மருத்துவர்கள் தேடிச் சென்று கற்கும் பல பாடங்கள் நம் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அன்றாட வேலை. விடியற்காலையில் வயிற்றுவலி என்று அழைத்து வரப்பட்டவரின் கண்ணிமை சற்றே சரிந்திருப்பதைக் கண்டதும், உடலில் கடித்த தடம் எதுவும் தெரியாவிட்டாலும், "ராத்திரி தரையிலா படுத்திருந்தீங்க?" என்று கேட்கத் தெரிந்தவர் நம் பயிற்சி மருத்துவர். கட்டுவிரியன் கடித்தவர் அடுத்த சில மணி நேரத்தில் மூச்சுவிட முடியாமல் போகலாம் என்பதையும், அதற்குள் வென்டிலேட்டரைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பதையும் அவருக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. பூச்சிமருந்து குடித்தவருக்கு நெஞ்சிலுள்ள கரகரப்பு அடங்கும்வரை அட்ரோபின் என்ற முறிவு மருந்தை இரட்டித்து இரட்டித்துக் கொடுத்துக்கொண்டே போவதும், காய்ச்சலோடு வந்தவரின் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் துணியை விலக்கிக் கருத்த பொருக்கைத் தேடி ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலைக் கண்டுபிடிப்பதும், எலி பேஸ்ட் தின்றவர் முதல் நாள் நலமாகத் தெரிந்தாலும் கல்லீரல் செயலிழப்பை எதிர்பார்த்து அவரை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருப்பதும் இங்கே முதலாண்டிலேயே பழகிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் 2017-இல் சேர்த்தது. இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நாம் பயன்படுத்தும் விஷமுறிவு மருந்துக்கு அடிப்படையான நஞ்சில் பெரும்பங்கு மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து செல்கிறது. இந்த நோய்களை நாம் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில்தான் வெப்பமண்டல மருத்துவ டிப்ளமோவை எடைபோட வேண்டும். லிவர்பூல் பள்ளி 1898-லும் லண்டன் பள்ளி 1899-லும் தொடங்கப்பட்டன. காலனி நாடுகளுக்குச் செல்லவிருந்த பிரிட்டிஷ் மருத்துவர்கள், தாங்கள் ஒருபோதும் கண்டிராத நோய்களை முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அன்றைய தேவை. மலேரியா ஒட்டுண்ணியை 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் உடலில் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் பின்னர் லிவர்பூலில்தான் பாடம் நடத்தினார். இன்றும் இந்த டிப்ளமோவின் அமைப்பு ஏறக்குறைய அதே நோக்கத்தைத் தாங்கியிருக்கிறது: ஏறத்தாழ மூன்று மாதம் முழுநேர வகுப்பு, நுண்ணோக்கியில் ஒட்டுண்ணிகளை அடையாளம் காணும் பயிற்சி, மலேரியா, காசநோய், எச்.ஐ.வி., ஊட்டச்சத்துக் குறைபாடு எனப் பரந்த பாடத்திட்டம். கற்பிப்பவர்கள் துறையின் தலைசிறந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டணமும் லண்டன் வாடகையும் சேர்ந்தால் செலவு பல ஆயிரம் பவுண்டுகளை எட்டும். அங்கே நோயாளிகளைத் தொட்டுப் பார்த்துக் கற்கும் வாய்ப்போ மிகக் குறைவு.

நோயாளியின் படுக்கையருகே கற்க விரும்புகிறவர்களுக்கு இதே வகையில் வேறு இடங்கள் உண்டு. பெருவின் லிமா நகரில் அலபாமா பல்கலைக்கழகமும் கயெட்டானோ எரேடியா பல்கலைக்கழகமும் சேர்ந்து 1996 முதல் நடத்தும் கோர்காஸ் பயிற்சி ஒன்பது வாரம் நீளும். நாள்தோறும் வார்டு சுற்று உண்டு, வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. பாங்காக்கில் மகிடோல் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பிரிவு நடத்தும் டிப்ளமோ அதைவிட நீண்டது. அங்குள்ள நோய்களும் நமக்கு நெருக்கமானவை. லண்டன் பள்ளியே கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியாவிலும் உகாண்டாவிலும், அந்நாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து டிப்ளமோ நடத்தி வந்திருக்கிறது. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்றால் நான் கிழக்கு ஆப்பிரிக்காவையே சொல்வேன். ஏனெனில் நம்மவர்களின் அனுபவத்தில் உண்மையில் குறைவாக இருப்பது, குழந்தைகளைத் தாக்கும் கடுமையான ஃபால்சிபாரம் மலேரியாவும், முற்றிய எச்.ஐ.வி. நோயும், பரவலான கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும்தான்; இவை மூன்றும் ஒரே வார்டில் அருகருகே காணக் கிடைக்கும் இடம் அது. நாட்டை விட்டுப் போக முடியாதவர்களுக்கு நூறாண்டைக் கடந்த கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளி இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். இருப்பினும், ஆப்பிரிக்காவில் நீண்டகாலம் பணியாற்றும் எண்ணம் இல்லாத ஒரு தமிழ்நாட்டு அவசர மருத்துவருக்கு, வெப்பமண்டல டிப்ளமோ பட்டியலின் கடைசியில்தான் வர வேண்டும். அது கற்பிப்பதில் பெரும்பகுதியை அவர் ஏற்கெனவே கையால் செய்து பழகியிருக்கிறார்.

அமெரிக்க ஃபெல்லோஷிப்பின் கதை வேறு. பெரும்பாலும் இரண்டாண்டு நீளும் இந்தப் பயிற்சிகள் பல அமெரிக்கப் பல்கலைக்கழக மருத்துவமனைகளில் உள்ளன. அந்தக் காலத்திலேயே எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டமும் கிடைத்துவிடுவது இவற்றின் பெரிய ஈர்ப்பு. ஆராய்ச்சி வழிகாட்டிகள், நிதிக்கு விண்ணப்பம் எழுதும் பயிற்சி, வேறு நாட்டு மருத்துவமனைகளோடு நீண்டகாலத் தொடர்பு எனக் கல்வித்துறையில் வளர விரும்புபவருக்குத் தேவையான எல்லாம் ஒரே கூரையின்கீழ் அமைந்திருக்கின்றன. ஆனால் இதன் பணக்கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபெல்லோவாகச் சேர்பவர் அங்குள்ள அவசர சிகிச்சைப் பிரிவில் பகுதி நேரம் முழுத் தகுதி பெற்ற மருத்துவராகப் பணியாற்றுவார். அந்த உழைப்பின் வருமானத்தில்தான் அவருடைய சம்பளமும் படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் ஓரளவு ஈடுசெய்யப்படுகின்றன. ஆகவே அமெரிக்காவில் அவசர மருத்துவ ரெசிடென்சி என்ற முதுநிலைப் பயிற்சியை முடித்து, அங்கே மருத்துவம் பார்க்கும் உரிமம் உடையவர்களுக்கென்றே பெரும்பாலான இடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. நம் எம்.டி. பட்டத்தோடு நேராகச் சேர வழியுள்ள சில இடங்களிலும் நோயாளிகளைப் பார்க்கும் உரிமை இராது, உதவித்தொகையும் சொந்த முயற்சியில் தேட வேண்டியிருக்கும். ஃபெல்லோஷிப்புக்காகவே அமெரிக்கத் தேர்வுகளை எழுதி, ரெசிடென்சியை முதலிலிருந்து மீண்டும் செய்வது என்பது வாழ்க்கையின் ஆறேழு ஆண்டுகளை மாற்றியமைக்கும் முடிவு. அமெரிக்காவில் குடியேறும் எண்ணம் ஏற்கெனவே உள்ளவருக்கு அது பொருந்தும். உலகளாவிய சுகாதாரத்துக்காக மட்டும் அந்தப் பாதையில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரிட்டனில் எம்.ஆர்.சி.இ.எம். என்ற அவசர மருத்துவத் தேர்வை எழுதிப் பணிக்குச் செல்லும் வழி நம்மவர்களிடையே பரவலாகப் பழகியது. அங்கே பயிற்சியில் இருப்பவர்கள் இடையில் விடுப்பு எடுத்து வேறு நாட்டில் பணியாற்றிவிட்டுத் திரும்பும் ஏற்பாடு உண்டு. ஆயினும் அது பிரிட்டனில் பணிவாழ்வை அமைத்துக்கொண்டவர்களுக்கு இடையில் கிடைக்கும் வாய்ப்பு. தனியான ஒரு பயிற்சி வழியாக அதை எண்ணுவதற்கில்லை.

இனி, பலரது மனத்தை உண்மையில் இழுக்கும் வழிக்கு வருவோம். எல்லைகளற்ற மருத்துவர்கள் என்ற எம்.எஸ்.எஃப். அமைப்பு 1971-இல் பாரிஸில் தோன்றியது. 1999-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றது. இந்தியாவிலும் அதற்கு அலுவலகம் உண்டு, இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். பொதுவாகப் பட்டத்துக்குப் பின் குறைந்தது இரண்டாண்டு மருத்துவ அனுபவத்தை எதிர்பார்க்கிறார்கள். அறுவை மருத்துவர்களும் மயக்க மருத்துவர்களும் சில வாரங்களுக்குப் போய்வரலாம், மற்ற மருத்துவர்கள் பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இருக்க ஆயத்தமாக வேண்டும். பிரெஞ்சோ அரபியோ தெரிந்திருந்தால் வாய்ப்புகள் பெருகும். பயணம், தங்குமிடம், காப்பீடு ஆகியவற்றை அமைப்பே பார்த்துக்கொள்கிறது. கிடைக்கும் ஊதியம் சென்னையின் தனியார் மருத்துவமனைச் சம்பளத்தோடு ஒப்பிடத்தக்கதன்று.

இது பயிற்சி அன்று, வேலை என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். மேற்பார்வைக்கு மூத்த நிபுணர் அருகில் இருப்பார் என்று எண்ணிச் செல்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அங்கே பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டினர். வெளியிலிருந்து வரும் மருத்துவரின் வேலை, தானே எல்லா நோயாளிகளையும் பார்ப்பதைவிட, உள்ளூர் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் துணை நிற்பதும், நோயாளிகளை அவசரத்தின்படி வரிசைப்படுத்தும் ட்ரையேஜ் முறையாக நடக்கிறதா, மருந்துக் கையிருப்பு எத்தனை நாளைக்கு வரும், இரவில் குருதி தேவைப்பட்டால் யார் ஏற்பாடு செய்வார் என்பதையெல்லாம் கண்காணிப்பதும்தான். சி.டி. ஸ்கேன் இல்லாத இடத்தில் தலைக்காயத்தை எப்படிக் கவனிப்பது, பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் குண்டுக்காயத்தோடு வந்து இறங்கும்போது யாரை முதலில் உள்ளே எடுப்பது, யாருக்கு வலி தணிக்கும் மருந்து மட்டும் கொடுத்து அமைதியாக இருக்கவிடுவது என்ற முடிவுகளை அங்கே எடுக்க நேரும். அவற்றை எந்த வகுப்பறையாலும் முழுமையாகக் கற்பித்துவிட முடியாது. பெருந்திரளான விபத்துகளை நம் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பார்த்தவர்களுக்கு இதில் ஒரு பங்கு முன்பே பழகியிருக்கும், எஞ்சியது புதிது.

இதன் ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில் எம்.எஸ்.எஃப். நடத்திய விபத்து சிகிச்சை மருத்துவமனை 2015 அக்டோபர் 3 அன்று அமெரிக்க விமானத் தாக்குதலுக்கு உள்ளானது. நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களுமாக 42 பேர் உயிரிழந்தனர். மருத்துவமனையின் இருப்பிடம் முன்னரே தெரிவிக்கப்பட்டிருந்தும் நேர்ந்த கொடுமை அது. விண்ணப்பிப்பவர் இதைத் தன் பெற்றோரிடமும் துணையிடமும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். புறப்படும் வாரத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

களத்துக்குச் செல்லும் முன்போ, போக முடியாத சூழலிலோ, இத்துறையின் சிந்தனை முறையைக் கற்க இரண்டு நல்ல வழிகள் இருக்கின்றன. எம்.எஸ்.எஃப். தெற்காசியப் பிரிவு மனிதநேய மருத்துவத்தில் பகுதி நேரப் படிப்பொன்றை, வேலையை விடாமலே படிக்கும் வகையில் நடத்தி வந்திருக்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழு 1986-இல் தொடங்கி, பல நாடுகளில் நடத்திவரும் 'ஹெல்ப்' பயிற்சி சில வாரங்களில் முடிந்துவிடும்; பேரிடரிலும் போரிலும் பெருந்திரளான மக்களின் நலவாழ்வைக் காப்பது எப்படி என்பதே அதன் பாடம். அவசர மருத்துவர் ஒரு நேரத்தில் ஒரு நோயாளியைப் பார்த்துப் பழகியவர். முகாமில் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் வேண்டும், 20 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும், 10,000 பேருக்கு நாளொன்றுக்கு ஒரு மரணம் என்ற அளவைத் தொட்டால் அது அவசர நிலை என்ற கணக்குகள் நம் முதுநிலைப் பாடத்திட்டத்தில் அழுத்தம் பெறுவதில்லை. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் முகாம்களில் மக்களைக் காத்ததில் ஊசிமருந்துக்கு இணையான பங்கு தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் தடுப்பூசிக்கும் உண்டு. இந்தச் சில வாரப் படிப்பு அந்தப் பார்வையைத் தருகிறது. செலவோடு ஒப்பிட்டால், இந்தப் பட்டியலில் இதைவிட அதிகம் தருவது வேறில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்த வழியைப் பெரும்பாலோர் சலிப்பூட்டுவதாக எண்ணித் தள்ளிவிடுகிறார்கள். தொற்றுநோயியலும் பொதுச் சுகாதாரமும் அவசர மருத்துவரின் சுபாவத்துக்கு ஒத்துவராது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. இதை மறுக்க, நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றையே எடுத்துக்காட்டுகிறேன். இலங்கையில் பூச்சிமருந்து குடித்து இறப்பவர்களின் எண்ணிக்கை ஒரு காலத்தில் மிகக் கொடுமையான அளவை எட்டியிருந்தது. 1995-இல் அந்நாட்டின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அவசர சிகிச்சைப் பிரிவுகளில் மருத்துவர்கள் அட்ரோபினோடு இரவு பகலாகப் போராடினார்கள். மிகக் கடும் நச்சுத்தன்மை கொண்ட பூச்சிமருந்துகளுக்கு 1995-லும், எண்டோசல்பானுக்கு 1998-லும் தடை வந்தது. அடுத்த பத்தாண்டில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. உழவுத் தொழில் அதனால் வீழ்ந்துவிடவில்லை. எந்த மருந்து எத்தனை பேரைக் கொல்கிறது என்ற கணக்கு மருத்துவமனைகளில் முறையாகச் சேகரிக்கப்பட்டதால்தான், பின்னாளில் பாராக்வாட், டைமெத்தோவேட், ஃபென்தியான் ஆகியவற்றையும் விலக்க அரசால் முடிந்தது.

அதே மருத்துவமனைகளில் இன்னொன்றும் நடந்தது. விஷம் குடித்தவர்களுக்கு விஷத்தை உறிஞ்சும் கரித்தூளான ஆக்டிவேட்டட் சார்கோலைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால் உயிர்கள் பிழைக்கின்றனவா என்ற கேள்விக்கு, இலங்கையின் மூன்று மருத்துவமனைகளில் 4,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்து, குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து நடத்திய சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு 2008-இல் விடை தந்தது: குறிப்பிடத்தக்க பயன் இல்லை. பேராதனையை மையமாகக் கொண்ட நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பு இவ்வகை ஆய்வுகளால் உலக நச்சியலின் பாடநூல்களையே மாற்றியது. யோசித்துப் பாருங்கள். நம் மாவட்ட மருத்துவமனைகளில் பாம்புக்கடி, பூச்சிமருந்து, அரளி விதை, எலி பேஸ்ட் என்று வந்து சேரும் நோயாளிகளின் எண்ணிக்கை எந்தப் பன்னாட்டு ஆய்வாளரும் ஏங்கும் அளவிலானது. சிகிச்சை தெரிந்த மருத்துவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். அந்தக் கேஸ் ஷீட்டுகளை உலகம் ஏற்கும் சான்றாக மாற்றத் தெரிந்தவர்கள்தாம் போதிய அளவில் இல்லை. நம் உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது.

இந்தக் குறையை நிரப்பும் இடம் சென்னையிலேயே உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், களத் தொற்றுநோயியல் பயிற்சியை 2001-இல் தொடங்கியது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தோடு இணைந்து இரண்டாண்டு முதுநிலைப் பட்டப் படிப்பையும் நடத்தி வருகிறது. முதுநிலை மருத்துவ மாணவர்கள் அனைவரும் கட்டாயமாக முடிக்க வேண்டிய அடிப்படை ஆய்வுப் பாடத்தை இணையவழியில் நடத்துவதும் இந்த நிறுவனம்தான். அதைத் தேர்வு பயத்தில் அவசரமாக முடித்தவர்கள், நிதானமாக மீண்டும் ஒருமுறை பார்த்தால் இத்துறை தமக்கு ஒத்துவருமா என்பதைச் செலவின்றித் தெரிந்துகொள்ளலாம். டெல்லியின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் தொடங்கிய இந்தியத் தொற்றுநோய்ப் புலனாய்வுப் பணித்திட்டமும் இரண்டாண்டு களப்பயிற்சியே. நோய்ப்பரவல் நடக்கும் ஊருக்கே சென்று, மூலத்தைக் கண்டறிந்து அறிக்கை எழுதக் கற்பிக்கிறது. வேலையை விட முடியாதவர்களுக்கு லண்டன் பள்ளியின் தொலைநிலை எம்.எஸ்சி. உண்டு, ஆண்டுகள் பலவாகப் பிரித்துப் படிக்கலாம், மனவுறுதி இருந்தால் முடிக்கலாம். பிரிட்டனுக்கே போய் ஓராண்டில் முடிக்க விரும்புகிறவர்கள் செவனிங் உதவித்தொகைக்கும், அமெரிக்காவுக்குச் செல்ல விரும்புகிறவர்கள் ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகைக்கும் முயலலாம். இவை இரண்டுமே படிப்பு முடிந்ததும் நாடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை உடையவை. ஊருக்குத் திரும்பிப் பணியாற்றும் எண்ணம் உள்ளவருக்கு அது ஒரு தடையே அன்று.

இன்னொரு வழியைப் பட்டியலில் எவரும் எழுதுவதில்லை; ஏனெனில் அதற்குப் பட்டம் கிடையாது. உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழுவும் பன்னாட்டு அவசர மருத்துவக் கூட்டமைப்பும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட அடிப்படை அவசர சிகிச்சைப் பயிற்சி ஐந்து நாளில் முடிவது. மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்று வரிசையாகப் பரிசோதிக்கும் முறை, காயம், மூச்சுத்திணறல், ஷாக் என்ற இரத்த ஓட்டச் சரிவு, உணர்வு மங்கல் ஆகியவையே பாடம். நிபுணருக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அதை நடத்தும் பயிற்றுநராக ஆவது முற்றிலும் வேறு திறன். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்த ஒரு செவிலியர் கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கைப் பிடித்து, மாஸ்க் முகத்தில் படியாமல் காற்று கசிவதைத் தானே உணர்ந்து, தாடையை மேலே தூக்கிப் பிடித்ததும் பொம்மையின் நெஞ்சு உயர்வதைக் காணும் அந்த நொடிவரை, வாயை மூடிக்கொண்டு பொறுமையாக நிற்கத் தெரிய வேண்டும். எளிய கருவிகளோடு, மொழி முழுதாகப் புரியாதவர்களுக்கும் கற்பிக்கத் தெரிந்தவரை எந்த நாட்டு அமைப்பும் வரவேற்கும். தமிழ்நாட்டில் விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்னெடுப்பான டி.ஏ.இ.ஐ. திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற ட்ரையேஜ் பகுதிகள் அமைந்தபோதும், 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியபோதும், மிகுதியாகத் தேவைப்பட்டவர்கள் இத்தகைய பயிற்றுநர்களே. உள்ளூரில் இதைச் செய்து காட்டியவரின் விண்ணப்பம், எம்.எஸ்.எஃப். ஆனாலும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசகர் பணியானாலும், தனித்து நிற்கும்.

அப்படியானால் யார் எதைத் தேர்வது? அரசுக் கல்லூரியில் முதுநிலை முடித்துப் அரசுக்குக் குறிப்பிட்ட காலம் பணியாற்றும் பணிப்பத்திரத்தில் இருப்பவர், அந்தக் காலம் முடியும்வரை நகர முடியாது. அந்தக் காலத்தை வீணாகக் கருதாமல், பயிற்றுநர் தகுதியைப் பெறுவதற்கும் தன் மருத்துவமனையின் பாம்புக்கடி அல்லது விஷப் பதிவேட்டை ஒழுங்குபடுத்துவதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். பத்திரக் காலம் முடியும்போது கையில் தரவும் இருக்கும், அனுபவமும் இருக்கும். தொற்றுநோயியல் படிப்புக்கோ உதவித்தொகைக்கோ அதைவிட வலுவான விண்ணப்பம் வேறில்லை. கல்விக்கடன் சுமையோடு தனியார் மருத்துவமனையில் இருப்பவருக்குத் தொலைநிலைப் படிப்பே நடைமுறைக்கு உகந்தது. சிறு குழந்தைகள் உள்ளவர்கள், குறிப்பாகப் பெண் மருத்துவர்கள், ஒன்பது மாதக் களப்பணிக்குப் போக முடியவில்லையே என்று தம்மைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. சில வாரப் பயிற்சிகளும் உள்ளூர் ஆய்வும் அதே துறைக்குள் திறக்கும் வாசல்கள்தாம். குடும்பப் பொறுப்பு இன்னும் சேராத முப்பது வயதுக்குள் இருப்பவருக்கு மட்டும் நான் களப்பணியை முதலில் வைக்கிறேன். அந்த அனுபவத்துக்குப் பின் முதுநிலைப் படிப்பில் அமரும்போது, எந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். படிப்பை முதலில் முடித்தவர்களில் பலர் அந்தக் கேள்வியைத் தேடுவதிலேயே ஓராண்டைச் செலவிட்டுவிடுகிறார்கள்.

எந்தப் பயிற்சியில் சேர்வதற்கு முன்னும், அங்கே முன்னர் படித்த இந்தியர் ஒருவரையாவது கண்டுபிடித்துப் பேசுங்கள். வகுப்பு எப்படி என்று கேட்பதோடு நிறுத்தாமல், நோயாளிகளைப் பார்க்க விட்டார்களா, ஆய்வுத் தரவு யாருடைய கையில் இருந்தது, கட்டுரையில் அந்நாட்டு மருத்துவர்களின் பெயர் முதலில் வந்ததா, பயிற்சி முடிந்து இவர் கிளம்பிய பின்னும் அந்த மருத்துவமனையில் அந்த வேலை தொடர்ந்ததா என்றும் கேளுங்கள். விடை தயக்கமாக வந்தால் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடலாம். மருத்துவக் கவுன்சிலின் நற்சான்று, பணியிடத்தின் தடையில்லாச் சான்று, பாஸ்போர்ட் புதுப்பிப்பு ஆகிய மூன்றையும் விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிட வேண்டும். அரசுப் பணியில் இருப்பவருக்குத் தடையில்லாச் சான்றின் கோப்பு பல மேசைகளைக் கடந்து வர வேண்டியிருப்பதால், அதற்கான கடிதத்தை மற்ற இரண்டுக்கும் முன்னதாகக் கொடுத்துவிடுவது நல்லது.